மேடை விளக்குகளுக்கான மின்சாரமும் கனெக்டர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகக் குழுக்களில் புதிதாக லைட்டிங் பக்கம் வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. கல்லூரி ஆடிட்டோரியம், சபா, பள்ளி ஆண்டு விழா, திடலில் போட்ட பந்தல் மேடை என்று எங்கே வேலை செய்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் கரண்ட் தொல்லை பெரும்பாலும் விளக்கிலோ ஒயரின் நடுவிலோ வருவதில்லை. ஒயர் எங்கே முடிகிறதோ அங்கே வருகிறது: பிளக் டாப்பில், சாக்கெட்டில், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில். அதனால் கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். மெயின் போர்டைத் திறந்து செய்யும் வேலை எதுவும் இதில் இல்லை. அது உரிமம் வாங்கிய ஒயர்மேனின் வேலை.

லைட்டில் 1000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. அது எத்தனை ஆம்ப்ஸ் எடுக்கும்?

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப்ஸ். நம் ஊர் சப்ளை 230 வோல்ட். 1000 வாட்ஸ் ஹாலஜன் பார் (PAR, டப்பா வடிவ மேடை விளக்கு) ஒன்று சுமார் 4.3 ஆம்ப்ஸ் எடுக்கும். 2000 வாட்ஸ் ஃப்ரெனல் (லென்ஸ் வைத்த விளக்கு) என்றால் 8.7. 150 வாட்ஸ் எல்இடி பார் என்றால் 0.65தான். மனக்கணக்கு போடுகிறவர்கள் 200ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். விடை கொஞ்சம் கூடுதலாக வரும், அது நல்லதுதான்.

12 ஹாலஜன் பார்களை ஒரே பேஸில் (கரண்ட் வரும் ஒயரில்) ஏற்றினால் 52 ஆம்ப்ஸ். அதே 12 இடத்தில் எல்இடி வைத்தால் 8 ஆம்ப்ஸுக்குள் முடிந்துவிடும். சின்னக் குழுக்கள்கூட இன்று சொந்தமாக லைட் வைத்துக்கொள்ள முடிவதற்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு 16 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் எத்தனை 1000 வாட்ஸ் லைட் மாட்டலாம்?

கணக்குப்படி 16 × 230 = 3680 வாட்ஸ். அதனால் மூன்று மாட்டலாம் என்று சொல்வார்கள். நான் இரண்டோடு நிறுத்துவேன். சாக்கெட் புதிது, ஒயர் 2.5 சதுர மி.மீ., அந்த லைனில் வேறெதுவும் ஓடவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் மூன்று.

காரணம் இருக்கிறது. மூன்று லைட் எடுப்பது 13 ஆம்ப்ஸ். அந்த பிளக் முனையில் ஒரு ஸ்க்ரூ லூஸாகி 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது என்று வையுங்கள். 13 × 13 × 0.1, அதாவது 17 வாட்ஸ் சூடு அந்த பிளாஸ்டிக் டாப்புக்குள்ளேயே உருவாகும். ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். இரண்டு மணி நேர நாடகம் முழுக்க அதற்குக் கொஞ்சம் குறைந்த ஒன்று திரைக்குப் பின்னால் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சூடு ஏற ஏற முனை கருகும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் கூடும்.

எம்சிபி விழவில்லையே, அப்படியானால் லோடு சரிதானே?

இல்லை. இது ரொம்பப் பேருக்கு இருக்கிற நம்பிக்கை. எம்சிபி என்பது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக ஆஃப் ஆகும் (விழும்) சுவிட்ச். 16 ஆம்ப்ஸ் எம்சிபி 16ஐத் தாண்டியதும் விழுந்துவிடாது. அதன் தர விதிப்படி 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்ப்ஸில், ஒரு மணி நேரத்துக்கு விழாமல் நிற்க வேண்டும். 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்ப்ஸில், ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். நடுவில் 20 ஆம்ப்ஸ் ஓடினால் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் பாதி முழுக்கத் தாங்கிவிட்டு, சரியாக க்ளைமாக்ஸில் விழும்.

இன்னொன்று, மேலே சொன்ன லூஸ் ஸ்க்ரூவை எம்சிபியால் கண்டுபிடிக்கவே முடியாது. அதன் கண்ணுக்கு அது வெறும் 13 ஆம்ப்ஸ். ஒத்திகை முடிந்ததும் மெயினை ஆஃப் செய்துவிட்டு, கையின் பின்புறத்தால் ஒவ்வொரு டாப்பையும் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதென்றால் அந்த டாப்பைக் கழற்றி வேறு போடுங்கள். சாக்கெட்டையும் பாருங்கள்: ஒன்று கருகினால் ஜோடியும் கெட்டிருக்கும்.

எல்லா லைட்டையும் ஒரே சுவிட்சில் போட்டால் உடனே எம்சிபி விழுகிறது. தனித்தனியாகப் போட்டால் விழுவதில்லை. ஏன்?

ஆரம்ப இழுப்பு. ஹாலஜன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான், சில சமயம் அதைவிடவும் குறைவு. சூடாகிற வரை, கண நேரத்துக்குப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எல்இடியில் வேறு காரணம்: உள்ளே இருக்கிற பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும், ஆன் செய்த நொடியில் எல்லாம் ஒன்றாக நிரம்பப் பார்க்கும். அதனால்தான் மொத்தம் 5 ஆம்ப்ஸ்கூட எடுக்காத எல்இடி வரிசை ஒன்று 16 ஆம்ப்ஸ் எம்சிபியைத் தட்டிவிடுகிறது.

எம்சிபியில் பி, சி, டி என்று வகை உண்டு. பி வகை 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கில், டி வகை 10 முதல் 20 மடங்கில். வீட்டு லைன்களில் பி இருக்கலாம். மேடைக்கு சி வசதி. ஆனால் இதற்காக எம்சிபியை மாற்றச் சொல்வதற்கு முன்னால் லைட்டுகளை இரண்டு மூன்று லைனாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். 16ஐ எடுத்துவிட்டு 32 போடுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எம்சிபி காப்பது சுவருக்குள் இருக்கிற ஒயரை, உங்கள் லைட்டை அல்ல.

எர்த் பின் இல்லாத டாப்பில்கூட லைட் எரிகிறதே. எர்த் கட்டாயமா?

எரியும். அதுதான் ஆபத்து. எர்த் இல்லை என்பதை எந்த லைட்டும் காட்டிக்கொடுக்காது.

மேடை விளக்குகளின் உடல் உலோகம். ஹாலஜன் லைட்டுக்குள் சூடு அதிகம் என்பதால் ஹோல்டரின் ஒயர் உறை நாளடைவில் காய்ந்து உதிரும். ஒருநாள் பேஸ் ஒயர் உடலைத் தொடும். எர்த் இருந்தால் அந்த நொடியே பெரிய கரண்ட் எர்த் வழியாக ஓடி எம்சிபி விழும். எர்த் இல்லையென்றால் லைட் பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதன் உடலில் 230 வோல்ட் காத்திருக்கும். அந்த லைட் தொங்குவது இரும்புக் குழாயில். அந்தக் குழாயில் இன்னும் எட்டு லைட் தொங்கும். ஃபோகஸ் திருப்ப ஏறுகிறவர் ஒரு கையில் அலுமினிய ஏணியையும் மறு கையில் லைட்டையும் பிடிப்பார்.

லைட்டை மட்டும் பார்த்தால் போதாது. குழாய், ட்ரஸ் (லைட் தொங்கவிடும் உலோகச் சட்டம்), இரும்பு மேடைச் சட்டம் எல்லாவற்றையும் எர்த்தோடு இணைக்க வேண்டும்.

சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தேன், 230 காட்டியது என்பார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. எர்த் ஒயரில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 230 காட்டும். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தக் காலத்து ஒயர்மேன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட்ஸ் பல்பு போட்டுப் பார்த்தது அதற்காகத்தான். இப்போது அதற்கென்று லூப் டெஸ்டர் இருக்கிறது. எதுவானாலும் ஒயர்மேனே செய்யட்டும்.

ஆர்சிசிபி இருந்தால் எர்த் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்க்கிறது. வித்தியாசம் வந்தால் கட் செய்துவிடும். இதற்கு எர்த் ஒயர் தேவையில்லை. ஆனால் எர்த் இல்லாத இடத்தில் அந்த வித்தியாசம் எப்போது வரும்? ஒரு ஆள் தொட்டு, அவர் உடல் வழியாகக் கரண்ட் தரைக்குப் போகும்போதுதான். எர்த் இருந்தால், பழுது ஏற்பட்ட அந்த நொடியே, யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். இரண்டும் வேண்டும்.

ஆர்சிசிபி காரணமே இல்லாமல் விழுகிறது. என்ன செய்வது?

காரணம் இருக்கும். ஒவ்வொரு எல்இடி லைட்டின் பவர் சப்ளையிலும் கொஞ்சம் கசிவு உண்டு, அது பழுதல்ல. இருபது, முப்பது லைட்டை ஒரே ஆர்சிசிபியில் போட்டால் கசிவெல்லாம் சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடும். 30 என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அது விழலாம். லைட்டுகளை இரண்டு மூன்று ஆர்சிசிபிகளுக்குப் பிரியுங்கள்.

மழையில் நனைந்த அல்லது குடோனில் ஈரம் ஏறிய ஹாலஜன் லைட்டும் இதையே செய்யும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டி வாருங்கள், எதில் விழுகிறதோ அதை ஓரம் கட்டுங்கள். ஆர்சிசிபியை ‘டைரக்ட்’ செய்து (அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்து) நாடகத்தை முடித்துவிடலாம் என்ற பேச்சு அப்போது கட்டாயம் எழும். அந்த ஒரு லைட் இல்லாமலும் நாடகம் நடக்கும்.

த்ரீ பேஸ் என்றால் என்ன? எங்களுக்கு எதற்கு?

ஒரே பேஸில் 52 ஆம்ப்ஸ் இழுப்பதற்குப் பதிலாக மூன்று பேஸில் 17, 17, 18 என்று பிரித்து எடுப்பதற்கு. எந்த பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவில் 400. லைட் எல்லாமே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் மாட்டப்படும்.

மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் திரும்பும் கரண்ட் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிட்டத்தட்ட இல்லாமலே போகும். இதை நம்பி நியூட்ரலுக்கு மெல்லிய ஒயர் போடுகிறவர்கள் உண்டு. மேடை லைட்டிங்கில் அது ஆகாது. டிம்மர் ஒவ்வொரு அலையையும் வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அப்படி வெட்டிய அலையில் மூன்றாம் ஹார்மோனிக் என்று ஒரு பகுதி இருக்கும், மூன்று பேஸின் ஹார்மோனிக்குகளும் நியூட்ரலில் அடித்துக்கொள்ளாமல் ஒன்றாகக் கூடிவிடும். எல்லா டிம்மரும் பாதியில் நிற்கும் காட்சியில் பேஸ் ஒயரைவிட நியூட்ரலில் அதிகக் கரண்ட் ஓடலாம். அதனால் நியூட்ரல், பேஸ் அளவுக்காவது தடிமனாக இருக்க வேண்டும்.

நியூட்ரல் கட் ஆனால் என்ன நடக்கும்?

லைட்மேன்கள் பேஸ் போவதற்குப் பயப்பட மாட்டார்கள், நியூட்ரல் போவதற்குத்தான் பயப்படுவார்கள். பேஸ் போனால் லைட் அணையும், அவ்வளவுதான். நியூட்ரல் போனால் லைட் வெடிக்கும்.

ஒரு பேஸில் ஒரு 1000 வாட்ஸ் ஹாலஜன், இன்னொரு பேஸில் ஒரு 100 வாட்ஸ் பல்பு இருப்பதாக வையுங்கள். மெயின் நியூட்ரல் ஜாயின்ட் லூஸாகி விட்டுவிட்டது. இப்போது இரண்டும் இரண்டு பேஸுக்கு நடுவில் தொடராக நிற்கின்றன. 400 வோல்ட்டையும் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், ஆனால் சமமாக அல்ல. 1000 வாட்ஸ் லைட்டின் ரெசிஸ்டன்ஸ் 53 ஓம், 100 வாட்ஸ் பல்பினுடையது 530 ஓம். ஆகவே பெரிய லைட்டுக்கு வெறும் 36 வோல்ட், சின்னதற்கு 360க்கு மேல். பெரிய லைட் மங்கும், சின்னது போய்விடும். அந்தச் சின்னதன் இடத்தில் இருப்பது பல சமயம் லைட்டிங் போர்டு, லேப்டாப் சார்ஜர், சவுண்டு மிக்ஸர்.

அறிகுறி முன்பே தெரியும். ஒரு லைட்டை ஏற்றினால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று பளிச்சென்று கூடுகிறதென்றால், நியூட்ரல் லூஸ். யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். லைட் எதையும் மாட்டுவதற்கு முன்னால் மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்ப்பதும், கொஞ்சம் லோடு கொடுத்த பின் மறுபடி பார்ப்பதும் இதற்காகத்தான். மூன்றும் 230க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்று 270, இன்னொன்று 190 என்று காட்டினால் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஜெனரேட்டர் எவ்வளவு பெரிதாக வேண்டும்?

வாடகைக்கு வழக்கமாகக் கிடைக்கும் 62.5 கேவிஏ செட், 0.8 பவர் ஃபேக்டரில் 50 கிலோவாட்ஸ். ஒரு பேஸுக்கு 87 ஆம்ப்ஸ் அளவுக்கு வரும். முழு லோடுக்குத் தள்ளாமல் முக்கால் அளவில் ஓட்டுங்கள். ஒரே பேஸில் எல்லாவற்றையும் ஏற்றினால் 62.5 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும். மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கும். ஜெனரேட்டருக்குத் தனி எர்த் ராடு அடித்திருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். திருவிழா மேடையில் ஈபி கம்பத்தில் கொக்கி போட்டு கரண்ட் எடுப்பது சட்டவிரோதம் மட்டுமல்ல. அங்கே உங்களைக் காக்க எம்சிபியும் இல்லை, எர்த்தும் இல்லை.

நம் மூன்று பின் 16 ஆம்ப்ஸ் டாப் மேடைக்கு ஏற்றதா? வெளிநாட்டு கனெக்டர்தான் நல்லதா?

நம் டாப்பே நல்லதுதான், தரமானதாக இருந்தால். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் 16 ஆம்ப்ஸ் டாப் பிரிட்டனின் பழைய பிஎஸ் 546 என்ற 15 ஆம்ப்ஸ் உருண்டைப் பின் டாப்பிலிருந்து வந்தது. வயதானவர்கள் இன்னும் 15 ஆம்ப்ஸ் பிளக் என்றுதான் சொல்வார்கள். பிரிட்டனில் வீடுகள் 1947இல் வந்த சதுரப் பின் 13 ஆம்ப்ஸ் டாப்புக்கு மாறிவிட்டன, ஆனால் நாடக அரங்குகள் மாறவில்லை. அந்தச் சதுர டாப்புக்குள் ஃப்யூஸ் இருக்கும். 6 மீட்டர் உயரத்தில் குழாயில் தொங்கும் டாப்பில் ஃப்யூஸ் போனால் நாடகத்தின் நடுவில் யார் ஏணி வைப்பது? ஃப்யூஸ் டிம்மரில் இருந்தால் போதும் என்று உருண்டைப் பின்னிலேயே நின்றுவிட்டார்கள். லண்டனிலிருந்து வரும் லைட்டில் நம் வீட்டு டாப் போலவே ஒன்று தொங்குவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

எர்த் பின் நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாட்டும்போது எர்த் முதலில் சேரும், கழற்றும்போது கடைசியில் விடும். அந்தப் பின்னை வளைத்தோ வெட்டியோ போடுகிறவரிடம் உங்கள் லைட்டைக் கொடுக்காதீர்கள்.

இதன் குறை பூட்டு இல்லாததுதான். யாராவது ஒயரில் தடுக்கினால் பிடுங்கிக்கொண்டு வரும். தரையில் ஓடும் இணைப்புகளுக்கு வேறு கனெக்டர் போடுங்கள்.

6 ஆம்ப்ஸ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு துளை இருக்கிறதே, நான்கு லைட் மாட்டலாமா?

துளைகளின் எண்ணிக்கைக்கும் தாங்கும் திறனுக்கும் சம்பந்தமில்லை. நான்கும் சேர்ந்து 6 ஆம்ப்ஸ். ஹாலஜன் என்றால் ஒன்றுதான். அதையும் அதில் மாட்டாமல் இருப்பது நல்லது.

நீல, சிவப்பு இன்டஸ்ட்ரியல் பிளக்குகள் எதற்கு?

ஐஇசி 60309 தரத்தில் வரும் உருண்டையான தடித்த பிளக்குகள். நிறம் வோல்ட்டைச் சொல்கிறது: மஞ்சள் 110, நீலம் 230, சிவப்பு 400. 16, 32, 63, 125 ஆம்ப்ஸ் என்று அளவுகள். அளவு மாறினால் உடம்பும் மாறும், 16ஐ 32இல் நுழைக்க முடியாது. மேடைக்குள் பவர் கொண்டு வர இதைவிட நம்பகமானது குறைந்த விலையில் கிடையாது. மூடி மேலே கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும்.

சிவப்பில் நான்கு பின், ஐந்து பின் இரண்டும் உண்டு. ஐந்தில் மூன்று பேஸ், நியூட்ரல், எர்த். நான்கில் நியூட்ரல் கிடையாது, அது மோட்டாருக்கு. ட்ரஸ் தூக்கும் செயின் ஹாய்ஸ்ட் போன்றவற்றில் வரும். நான்கு பின் ஒயரை வெட்டி எர்த்தையே நியூட்ரலாக்கி டிம்மருக்குக் கொடுக்கிற ‘அட்ஜஸ்ட்மென்ட்’ சில இடங்களில் நடக்கிறது. அதைச் செய்தால், ஒரு லூஸ் ஜாயின்ட் போதும், மேடையில் இருக்கிற எல்லா லைட்டின் உடலிலும் கரண்ட் வந்து நிற்கும்.

பவர்கான், ட்ரூ1 இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல, ஒன்றில் மற்றது ஏறாது. இரண்டும் லைட்டுக்குப் பவர் கொடுக்கும் கனெக்டர்கள், நியூட்ரிக் நிறுவனத்துடையவை. பழைய பவர்கானில் நீலம் உள்ளே வரும் பவர், சாம்பல் வெளியே போகும் பவர். 20 ஆம்ப்ஸ் தாங்கும். ஆனால் லோடு ஓடும்போது கழற்றவோ மாட்டவோ கூடாது, அதற்காக அது செய்யப்படவில்லை. முதலில் சுவிட்சை ஆஃப் செய்ய வேண்டும். பின்னால் வந்த ட்ரூ1, 16 ஆம்ப்ஸ், லோடு இருக்கும்போதும் கழற்றலாம். இரண்டும் திருகியதும் பூட்டிக்கொள்ளும். கிளிக் சத்தம் வரவில்லையென்றால் மாட்டியதாகக் கணக்கில்லை.

ஒரு எல்இடியிலிருந்து அடுத்ததற்குப் பவர் கொடுத்துக்கொண்டே போகலாம். எத்தனை வரை என்பதை லைட்டின் கையேட்டில் போட்டிருப்பார்கள். அதை மீறாதீர்கள், ஏனென்றால் கடைசி லைட்டின் கரண்டும் முதல் லைட்டின் கனெக்டர் வழியாகத்தான் போகிறது.

சோகாபெக்ஸ்?

19 பின் உள்ள பெரிய வட்டக் கனெக்டர். ஒரே தடி கேபிளில் ஆறு டிம்மர் லைன். 1 முதல் 12 வரை பேஸும் நியூட்ரலும் ஜோடி ஜோடியாக, 13 முதல் 18 வரை ஆறு எர்த். டிம்மரிலிருந்து குழாய்க்கு ஆறு ஒயர் இழுப்பதற்குப் பதில் ஒன்று. பின் வளைந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

பெரிய ஒற்றைக் கம்பி கனெக்டர்களில் வரிசை முக்கியமா?

உயிர் போகிற அளவுக்கு முக்கியம். பவர்லாக் போன்றவற்றில் ஒவ்வொரு கம்பியும் தனி கனெக்டர். மாட்டும்போது எர்த், பிறகு நியூட்ரல், பிறகு மூன்று பேஸ். கழற்றும்போது தலைகீழ். மெயின் ஆஃப் ஆன பின்புதான். நியூட்ரல் விஷயத்தில் மேலே படித்ததை நினைத்தால் காரணம் புரியும்.

ஒயர் நிறங்கள் ஏன் இப்படிக் குழப்புகின்றன?

நம் ஊர் பழக்கம்: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஐரோப்பிய முறையில் வரும் லைட்டில்: பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். நீலம் இங்கே பேஸ், அங்கே நியூட்ரல். அமெரிக்க ஒயரில் கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். நமக்குக் கறுப்பு நியூட்ரல். மூன்று நாட்டுச் சரக்கும் ஒரே குடோனில் கிடக்கும்போது நிறத்தை நம்பி இணைக்காதீர்கள், மீட்டரில் கன்டின்யூட்டி (எந்த முனை எந்த முனையோடு சேர்கிறது என்று) பார்த்து இணையுங்கள்.

டாப்பில் ஒயர் மாட்டும்போது முனைக்கு ஈயம் வைக்கலாமா?

வேண்டாம். பார்க்க நேர்த்தியாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும். ஆறு மாதத்தில் ஸ்க்ரூ லூஸ், அப்புறம் அந்த 17 வாட்ஸ் கதை. இழைகளை முறுக்கி அப்படியே மாட்டுங்கள், அல்லது முனையில் லக் போட்டு க்ரிம்ப் செய்யுங்கள். எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விட ஒரு செ.மீ. நீளமாக விடுங்கள், ஒயர் இழுபட்டால் எர்த் கடைசியில் பிய்ந்து வரட்டும். ஒயரைப் பிடிக்கும் கிளாம்ப் வெளி உறையை இறுக்க வேண்டும், உள் ஒயர்களை அல்ல.

எந்த ஒயர் வாங்குவது? எவ்வளவு நீளம் இழுக்கலாம்?

16 ஆம்ப்ஸ் லைனுக்கு 2.5 சதுர மி.மீ., மூன்று கோர், பல இழைச் செம்பு. கடையில் ‘ரெண்டரை ஸ்கொயர் த்ரீ கோர்’ என்றால் எடுத்துத் தருவார்கள். 50 மீட்டர் இழுத்து 13 ஆம்ப்ஸ் எடுத்தால், போக வர 100 மீட்டர், சுமார் 0.8 ஓம், 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஹாலஜன் கொஞ்சம் மஞ்சளாக எரியும். அதற்கு மேல் தூரம் என்றால் 4 சதுர மி.மீ.க்குப் போங்கள்.

டிரம்மில் சுற்றிய ஒயரை முழுக்கப் பிரித்துத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே லோடு கொடுத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள் சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எல்இடி லைட்டை டிம்மரில் மாட்டலாமா?

கூடாது. அதற்கு எப்போதும் முழு 230 வேண்டும், வெளிச்சத்தைக் குறைப்பது டிஎம்எக்ஸ் (லைட்டிங் போர்டிலிருந்து லைட்டுக்குக் கட்டளை போகும் முறை) வழியாக. டிம்மரை முழுதாக ஏற்றி வைத்தாலும் சில டிம்மர்கள் அலையைக் கொஞ்சம் வெட்டும், அது போதும் உள்ளே இருக்கிற சர்க்யூட்டைக் கெடுக்க. டிம்மருக்கு வெளியே நேர் லைன் கேளுங்கள்.

டிம்மரை ஏற்றினால் ஸ்பீக்கரில் ரீங்காரம் வருகிறது. எர்த்தைக் கழற்றினால் நிற்கிறதே?

நிற்கும். ஆனால் மைக் பிடித்துப் பாடுகிறவரின் கையில்தான் அடுத்து கரண்ட் வரும். சவுண்டுக்குத் தனி பேஸ் கொடுங்கள். மைக் ஒயரை டிம்மர் ஒயருக்கு இணையாக ஓட்டாமல், தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டுங்கள்.

டிஎம்எக்ஸ் ஒயரில் மூன்று பின்னா, ஐந்து பின்னா? மைக் ஒயரைப் பயன்படுத்தலாமா?

1986இல் அமெரிக்காவின் யுஎஸ்ஐடிடி அமைப்பு இதை வகுத்தபோது ஐந்து பின் எக்ஸ்எல்ஆர் (மைக் ஒயரில் வரும் வட்டக் கனெக்டர் வகை) என்று வைத்தார்கள். மூன்று பின் எக்ஸ்எல்ஆர்தான் மைக்குக்கும் என்பதால் அதில் வம்பு வரும்: மிக்ஸர் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தவறிப்போய் லைட்டுக்குள் போனால் அதன் டிஎம்எக்ஸ் சிப் போய்விடும். இருந்தும் விலை குறைந்த லைட்டுகளில் மூன்று பின்தான் வருகிறது. 1 ஷீல்டு, 2 மைனஸ், 3 பிளஸ் என்பது இரண்டிலும் ஒன்றே, அதனால் மாற்றுக் கனெக்டர் செய்வது எளிது.

மைக் ஒயர் சின்ன மேடையில் வேலை செய்வது போலத் தோன்றும். டிஎம்எக்ஸ் ஒரு செகண்டுக்கு 2,50,000 பிட் அனுப்புகிறது. அதற்கு 120 ஓம் இம்பீடன்ஸ் உள்ள ஒயர் வேண்டும். மைக் ஒயரில் அலை முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த தகவலைக் குழப்பும். லைட்டுகள் தானாகத் துடிப்பதும், ஒன்று மட்டும் சொன்ன பேச்சு கேட்காததும் இதனால்தான். கடைசி லைட்டில் 2, 3 பின்களுக்கு நடுவில் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த டெர்மினேட்டரைச் செருகுங்கள். சில ரூபாய் செலவு. ஒரு லைனில் 32 லைட்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கம் பிரிக்க ஒய் ஒயர் கூடாது, ஸ்ப்ளிட்டர் பாக்ஸ் வையுங்கள்.

ஷாக் அடித்துவிட்டால்?

ஆளைத் தொடாதீர்கள். மெயினை ஆஃப் செய்யுங்கள். அதற்காகவே மெயின் எங்கே இருக்கிறது என்று ஒத்திகை நாளிலேயே குழுவில் எல்லோருக்கும் காட்டுங்கள், நடிகர்களுக்கும் சேர்த்து. 108ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்றாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், இதயத் துடிப்பு பிறகு தடுமாறலாம். தீ என்றால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான், தண்ணீர் அல்ல.

வெளிநாட்டில் நாடகம் போடப் போகிறோம். எங்கள் லைட்டை எடுத்துப் போகலாமா?

இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டாப் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டு சாக்கெட்டுகளில் சதுரப் பின் 13 ஆம்ப்ஸ் எதிர்பாருங்கள். அமெரிக்காவும் கனடாவும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அரங்குகளில் மூன்று உருண்டைப் பின் ஒரே வரிசையில் இருக்கும் ஸ்டேஜ் பின் கனெக்டர். நம் ஹாலஜன் அங்கே மங்கிய ஆரஞ்சாக எரியும். அங்கிருந்து வாங்கி வந்த 120 வோல்ட் பல்பு இங்கே ஒரு மின்னலோடு முடிந்துவிடும். எல்இடி என்றால் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 100-240 என்றிருந்தால் எங்கும் ஓடும். ஆனால் 120 வோல்ட்டில் அதே வாட்ஸுக்கு இரண்டு மடங்கு ஆம்ப்ஸ் ஆகும், ஒரு வரிசையில் மாட்டும் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். 220-240 என்று மட்டும் இருந்தால் எடுத்துப் போகாதீர்கள், அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.